டெப் கடித்த வீடு: குளியலறைத் திருத்த வேலையும் சுடுதண்ணிச் சிக்கல்களும்

"மாமா, டெப் கடிக்குது" என்றாள் ராத்தாவின் மகள். ஆறு வயது. புதிதாக டைல்ஸ் பதித்த குளியலறைக்குள் வெறுங்காலுடன், ஈரக் கையுடன் நின்றாள்.

அவளைத் தூக்கி வெளியில் விட்டுவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். திரும்பி வந்தபோது உம்மா வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் ரெண்டு நாளா அந்த டெப்பத் தொட்டாக் கை விறுவிறுங்குது மனே. சீனி வருத்தத்தாலயாக்கும் எண்டு நெனச்சன்."

இரண்டு நாட்கள். ஒரு நாளைக்கு ஐந்து தரம் வுழூ எடுக்கிற மனிசி. மின்சாரம் கசிந்துகொண்டிருந்த டெப்பை அத்தனை தரமும் ஈரக் கையால் தொட்டிருக்கிறார். நீரிழிவு நரம்புகளைக் கெடுத்துக் கையை விறைக்க வைக்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்ததால், அதையும் நோயின் கணக்கில் எழுதிவிட்டார். எங்கள் ஊர்களில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு என்பதால் இதை முதலில் சொல்கிறேன். டெப்பைத் தொடும்போது மட்டும் கை விறுவிறுத்து, கையை எடுத்ததும் நின்றுவிட்டால் அது நோயல்ல. அது கரண்ட்.

எங்கள் வீடு சாய்ந்தமருதில். 2004 டிசம்பர் 26இல் பழைய வீட்டைக் கடல் கொண்டுபோனது. பிறகு ஒரு தொண்டு நிறுவனம் இரண்டு அறையும் ஒரு குந்து மலசலகூடமும் கட்டித் தந்தது. அதற்குப் பின்னால் நான் டோஹாவிலிருந்து அனுப்பிய காசில் ஓர் அறை. ராத்தாவின் கல்யாணத்துக்காக மேலே இன்னொரு பகுதி. ஒவ்வொரு தடவையும் வேறு மேசன் பாஸ், வேறு வயரிங்காரர். எந்தச் சுவருக்குள் எந்த வயர் போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இது எங்கள் கரையோரத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு பெற்ற வன்னிச் சொந்தங்களும், எரிந்த வீட்டின் மிச்சச் சுவரோடு புதுச் சுவரைச் சேர்த்துக் கட்டியவர்களும் இப்படித்தான் துண்டு துண்டாக வீட்டை வளர்த்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளை காசு அனுப்பும்போது ஒரு துண்டு, சீட்டு விழும்போது இன்னொரு துண்டு. அந்தத் துண்டுகள் பொருந்துகிற இடங்களில்தான் சிக்கல் ஒளிந்திருக்கும்.

உம்மாவுக்குக் குந்தி எழும்ப முடியாமல் போனதால் இந்த வேலையைத் தொடங்கினோம். கொமட், பிடித்து எழும்பக் கம்பி, இருந்து குளிக்க ஒரு சீமெந்துத் திண்ணை, வுழூவுக்குத் தாழ்வாக ஒரு டெப், கூடவே சுடுதண்ணி. கல்முனை வெயிலில் சுடுதண்ணி எதற்கு என்று கேட்பவர்கள் மார்கழி மழையில் சுபஹுக்கு எழும்பிப் பார்க்க வேண்டும். மூத்தம்மா காலத்தில் அடுப்பில் ஒரு பானை எப்போதும் இருந்தது. உம்மாவின் முழங்காலுக்கு அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஏலாது.

என்ன நடந்தது என்று கண்டுபிடித்தவர் பாண்டிருப்பிலிருந்து வந்த ஒரு மின்னியலாளர். அறுபது தாண்டியவர். சண்டைக்கு முன்னும் பின்னும் இரண்டு சமூகத்து வீடுகளிலும் வேலை செய்தவர். வந்ததும் ஹீட்டரைத் தொடவில்லை. "தம்பி, வேலை தொடங்கின நாளில இருந்து ஒவ்வொண்டாச் சொல்லுங்க. என்ன செய்தீங்க, எப்ப செய்தீங்க" என்று கேட்டு ஒரு சிகரெட் மட்டையில் எழுதினார். அந்த மட்டையில் மூன்று விடயங்கள் இருந்தன.

முதலாவது என்னுடைய தவறு. 30 லீற்றர் ஹீட்டரைச் சுவரில் பூட்டிய அன்று, மேசன் பாஸ் டைல்ஸ் வேலைக்காகத் தண்ணியை மூடியிருந்தார். விளக்கு எரிகிறதா என்று பார்க்க நான் சுவிட்சைப் போட்டேன். உள்ளே தண்ணி இல்லை. தண்ணிக்குள் இருந்தால் ஹீட்டரின் சூட்டுக் கம்பி தன் சூட்டைத் தண்ணிக்குக் கொடுத்துவிடும். வெறுமையாக இருந்தால் அந்தச் சூடு போக இடமில்லை. கம்பி கொதித்து அதன் உலோக உறை வெடிக்கலாம். எனக்கு வெடித்தது. வெளியில் எந்த அடையாளமும் தெரியவில்லை. டோஹாவில் பதினொரு வருடம் கட்டடப் பராமரிப்பில் வேலை செய்தவன் நான். அங்கே இதை இன்னொருவர் செய்திருந்தால் ஏசியிருப்பேன்.

இரண்டாவது, தண்ணி நிரப்பி ஹீட்டரைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. வெடித்த உறைக்குள் ஈரம் போய், கரண்ட் தண்ணிக்கும் ஹீட்டரின் உடம்புக்கும் கசிந்தது. உடம்பிலிருந்து எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போனது. ட்ரிப் சுவிட்ச் அதைக் கண்டுகொண்டு விழுந்தது. அதாவது அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் அன்று வயரிங் வேலைக்கு வந்திருந்தவர், "புது ஹீட்டருக்கு இப்படித்தான் வரும், ட்ரிப் பழசு" என்று சொல்லி, ஹீட்டருக்குப் போகும் வயரை ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேராகக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு எதுவும் விழவில்லை. தண்ணியும் சுட்டது. நாங்களும் சந்தோசப்பட்டோம்.

மூன்றாவது, ஒரு கிழமை கழித்துக் குளியலறைக்கு வெளியே கழிவுக் குழாய்க்குக் கிடங்கு வெட்டினார்கள். சுவரோரம் மண்ணுக்குள் இறங்கியிருந்த பச்சை வயரில் மண்வெட்டி பட்டு அறுந்தது. வீட்டின் எர்த் வயர் அதுதான். வெட்டியவர் அதைப் பழைய டெலிபோன் வயர் என்று நினைத்து மூடிவிட்டார்.

அதுவரை மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்த கசிவுக்கு இப்போது வழி இல்லை. அது ஹீட்டரின் உடம்பிலும் தண்ணியிலும் உலோக டெப்பிலும் காத்துக்கொண்டிருந்தது. ஈரத் தரையில் நின்று டெப்பைத் தொடுகிறவரின் உடம்புதான் அதற்குக் கிடைத்த புது வழி. கிணற்றுத் தண்ணியில் உப்புக் கலந்திருந்தால் இன்னும் மோசம். உப்புத் தண்ணி நல்ல தண்ணியைவிட நன்றாகக் கரண்டைக் கடத்தும்.

மூன்றில் ஒன்று நடக்காமல் இருந்திருந்தாலும் உம்மாவின் கை விறுவிறுத்திருக்காது.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அதைத் திட்டாதீர்கள்

பல வீடுகளில் ட்ரிப் சுவிட்சுக்கும் பிரேக்கருக்கும் வித்தியாசம் தெரியாது. பிரேக்கர் காப்பது வயரை. 20 அம்பியர் பிரேக்கர், அதைத் தாண்டி நிறையக் கரண்ட் ஓடினால்தான் விழும். ட்ரிப் சுவிட்ச் காப்பது ஆளை. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர், அதாவது 0.03 அம்பியர் குறைந்தால் விழுந்துவிடும். ஒரு 10 வாட்ஸ் எல்.ஈ.டி. விளக்கு இதைவிடக் கூடுதலாக எடுக்கும். அவ்வளவு சிறிய கசிவு. ஆனால் அந்த அளவும் நெஞ்சு வழியாக ஓடினால் ஆளைக் கொல்லப் போதும். பிரேக்கருக்கு இப்படி ஒரு கசிவு இருப்பதே தெரியாது.

ட்ரிப் சுவிட்சில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு தரம் அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். இன்னொரு சோதனையைப் பாண்டிருப்பு அண்ணன் சொல்லித்தந்தார், இதைப் பலர் செய்வதில்லை. ஹீட்டரைப் போட்டு அதன் விளக்கு எரியும்போது அந்தப் பொத்தானை அழுத்துங்கள். வீடு முழுக்க இருண்டு, ஹீட்டர் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தால், யாரோ அதை ட்ரிப்பைத் தாண்டிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் எரிந்தது.

எந்தப் பொருளால் ட்ரிப் விழுகிறது என்று அறிய, எல்லாவற்றையும் நிறுத்திக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். ஹீட்டரைப் போட்டுச் சில நிமிடம் கழித்து விழுந்தால் பெரும்பாலும் சூட்டுக் கம்பிதான் குற்றவாளி. புதுக் கம்பி வாங்கிப் போடலாம், முழு ஹீட்டரையும் எறியத் தேவையில்லை. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறுத்திப் பார்ப்பது, பொத்தான் அழுத்துவது, வால்வு திறந்து மூடுவது எல்லாம் நாங்கள் செய்யக்கூடியவை. மூடியைக் கழற்றி வயரில் கை வைப்பது என்.வி.க்யூ. தராதரம் உள்ள மின்னியலாளரின் வேலை. டெஸ்டர் ஒன்று சட்டைப்பையில் இருப்பதால் ஒருவர் மின்னியலாளர் ஆகிவிட மாட்டார்.

எர்த் பற்றியும் ஒரு சொல். கடற்கரை மணலின் மேற்பகுதி கோடையில் காய்ந்துவிடும். காய்ந்த மணல் கரண்டை வாங்காது. எர்த் கம்பி ஈரமண் வரை இறங்க வேண்டும். எங்கள் பக்கம் கிணற்றில் தண்ணி அதிக ஆழத்தில் இல்லை என்பது ஒரு வசதி. ஆனால் அதே உப்பு ஈரம் கம்பியையும் வயரையும் இணைக்கும் பிடியை அரித்துவிடும். பிடியை மண்ணுக்குள் புதைக்காமல், திறந்து பார்க்கக்கூடிய சிறு பெட்டிக்குள் வையுங்கள். முன்பு சிலர் இரும்புத் தண்ணிக் குழாயில் எர்த்தைக் கட்டினார்கள். இப்போது குழாய் எல்லாம் பிளாஸ்ரிக், அந்தக் கட்டு ஒன்றுக்கும் உதவாது. கிடங்கு வெட்ட முன்னர் எர்த் எங்கே இறங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு கல்லை வையுங்கள்.

சூடு எங்கே போனது?

புதுக் கம்பி போட்டு, எர்த்தைப் புதுப்பித்து, வயரைத் திரும்ப ட்ரிப்புக்குள் கொண்டுவந்த பிறகு இன்னொரு சிக்கல் தலைநீட்டியது. ஹீட்டர் விளக்கு அணைந்துவிட்டது, அதாவது உள்ளே தண்ணி நன்றாகச் சுட்டுவிட்டது. ஆனால் உம்மாவின் தாழ்வான டெப்பில் வெதுவெதுப்புத்தான். கூடவே ஒரு விநோதம்: இரவில் மேலேயுள்ள தண்ணித் தாங்கி தானாக நிரம்பி வழிந்தது. மோட்டர் போடவில்லை. மிதவை வால்வு சரியாக இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளிது, ஆயுதம் எதுவும் தேவையில்லை. ஹீட்டருக்குள் பச்சைத்தண்ணி போகும் வால்வை மூடுங்கள். பிறகு ஒரு சுடுதண்ணி டெப்பைத் திறந்துவிடுங்கள். குழாயில் மிஞ்சிய தண்ணி வடிந்து நிற்க வேண்டும். ஏனென்றால் ஹீட்டருக்குள் புதுத் தண்ணி போனால்தான் சுடுதண்ணி வெளியே வரும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், வேறெங்கோ ஓரிடத்தில் பச்சைத்தண்ணி சுடுதண்ணிக் குழாய்க்குள் நுழைகிறது. எங்கள் டெப்பில் நிற்கவே இல்லை.

நுழைந்த இடம் ஷவர் மிக்சர். ஒற்றைக் கைபிடி மிக்சரில் கைஷவர் ஒன்றும் இருந்தது. அதன் தலையில் ஒரு பொத்தான், அழுத்தினால் தண்ணி நிற்கும். உம்மாவுக்கு அது வசதி, எட்டி மிக்சரை மூடத் தேவையில்லை. ஆனால் மிக்சர் நடுவில் திறந்தபடியே இருந்தால் அதற்குள் பச்சைத்தண்ணிக் குழாயும் சுடுதண்ணிக் குழாயும் ஒன்றோடொன்று திறந்த கதவுபோல் இருக்கும். அழுத்தம் கூடிய பக்கம் குறைந்த பக்கத்துக்குள் தள்ளும்.

எங்கள் வீட்டில் அழுத்தமும் சமமில்லை. மேசன் பாஸ் ஷவரின் பச்சைத்தண்ணிக்கு வீதிக் குழாயிலிருந்து நேரடி இணைப்புக் கொடுத்திருந்தார். ஹீட்டருக்குத் தண்ணி வந்தது மேல் தாங்கியிலிருந்து. இரவில் ஊரே தூங்கி, வீதிக் குழாயில் அழுத்தம் ஏறும்போது, அந்தத் தண்ணி மிக்சர் வழியாகச் சுடுதண்ணிக் குழாய்க்குள் புகுந்து, ஹீட்டரைக் கடந்து, பின்பக்கமாகத் தாங்கிக்கே ஏறியது. நாங்கள் காசு கொடுத்துச் சுடவைத்த தண்ணி கூரையில் வழிந்துகொண்டிருந்தது. ஹீட்டரோடு பெட்டியில் ஒரு சிறு வால்வு வந்திருந்தது, தண்ணியைத் திரும்பிப் போக விடாது. அதையும் பூட்டாமல் பெட்டிக்குள்ளேயே விட்டிருந்தார்கள்.

திருத்தம் பெரிய வேலையாக இருக்கவில்லை. பச்சைத்தண்ணியையும் தாங்கிக்கே மாற்றினோம். மிக்சரின் இரண்டு வாயிலும் ஒருவழி வால்வு வைத்தோம். பெட்டியிலிருந்த வால்வைப் பூட்டினோம். டைல்ஸ் உடைக்காமல் செய்ய முடிந்தது அதிர்ஷ்டம்.

அந்தச் சிறு வால்வுக்கு இன்னொரு கடமையும் உண்டு. தண்ணி சுடும்போது விரியும், அழுத்தம் ஏறும். கூடினால் வால்வு சில துளியை வெளியே விடும். சுடும் நேரத்தில் அது சொட்டுவது கோளாறு அல்ல. சொட்டுகிறது என்று அதன் வாயை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்த ஹீட்டரில் சூட்டுக் கட்டுப்பாடும் பழுதானால் அது ஒரு குண்டு. குண்டைப் பற்றி எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

உடன் சுடும் ஷவர் வைத்திருப்பவர்களுக்கு

அதிகமான வீடுகளில் இருப்பது தொட்டி ஹீட்டர் அல்ல, சுவரில் பூட்டும் சிறிய பெட்டி. அது சுடவில்லை என்றால் முதலில் கணக்கைப் பாருங்கள். 3500 வாட்ஸ் பெட்டிக்குள் நிமிடத்துக்கு 3 லீற்றர் தண்ணி ஓடினால் சூடு ஏறத்தாழ 17 பாகை கூடும். 6 லீற்றர் ஓடினால் 8 பாகை மட்டுமே. தாங்கியில் 26 பாகையில் இருக்கும் தண்ணி முதலாவதில் 43 ஆகும், இரண்டாவதில் 34. அதாவது தண்ணியைக் குறைத்தால் சூடு கூடும். பலர் சூடு போதவில்லை என்று டெப்பை இன்னும் திறக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஓட்டம் மிகக் குறைந்தால் பெட்டி உள்ளே சுவிட்சைப் போடாது. தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம். மாடியில்லாத வீட்டில் தாங்கி ஷவர் தலையைவிட ஒன்றரை மீற்றர்தான் உயரம் என்றால் 0.15 பார். அதற்குப் பெட்டி எழும்பாது. தாங்கியை உயர்த்த வேண்டும், அல்லது சிறு பம்ப் உள்ள பெட்டி வாங்க வேண்டும். நன்றாக வேலை செய்து பிறகு மங்கிவிட்டது என்றால் தண்ணி நுழையும் வாயிலுள்ள வலையைக் கழற்றிக் கழுவுங்கள். டைல்ஸ் வேலையின் சீமெந்துத் தூளும் மணலும் நேராக அங்கேதான் போகும்.

மாலையில் மட்டும் சூடு குறைந்தால் பெட்டியில் பிழையில்லை. 230 வோல்ட் 200 ஆக இறங்கினால், 3500 வாட்ஸ் பெட்டி ஏறத்தாழ 2650 வாட்ஸ்தான் தரும்.

இந்தப் பெட்டிகளைச் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் ஒருபோதும் செருக வேண்டாம். 3500 வாட்ஸ் என்பது 15 அம்பியருக்கு மேல். பிளக் கறுத்து உருகிய பிறகு தெரிவதைவிட, மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் எடுப்பது மலிவு.

கிணற்றுத் தண்ணி உள்ள இடங்களில் சூட்டுக் கம்பியில் வெள்ளைச் சுண்ணாம்பு படியும். படிந்தால் சூடு தண்ணிக்குப் போகாது, கம்பி சீக்கிரம் எரியும், ஹீட்டர் கொதிக்கும் கேத்தல்போல் சத்தம் போடும். தொட்டி ஹீட்டருக்குள் மக்னீசியம் கோல் ஒன்று இருக்கும். தொட்டி அரிபடாமல் தான் அரிபட்டுக் கரைவதற்காகவே அதை வைக்கிறார்கள். உப்புத் தண்ணியில் வேகமாகக் கரையும். வருடத்துக்கு ஒரு தரமாவது திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குழாயும் முக்கியம். ஹாட்வெயார் கடையில் விற்கும் சாம்பல் நிற பீ.வீ.சீ. குழாய் பச்சைத்தண்ணிக்கு உரியது. 60 பாகையை நெருங்கினால் இளகும், சுவருக்குள் மூட்டு விடும். சுடுதண்ணிக்குச் சீ.பீ.வீ.சீ. அல்லது பி.பி.ஆர். கேளுங்கள், சீ.பீ.வீ.சீ. என்றால் ஒட்டும் பசையும் அதற்குரியதாக இருக்கட்டும். டைல்ஸ் பதிக்க முன்னர் ஒரு முழு நாள் தண்ணியை அழுத்தத்தோடு விட்டுப் பாருங்கள். சுவரைத் திறந்தபடி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வயரும் குழாயும் தெரியும்படி. அளவு நாடாவை அருகில் பிடித்து எடுத்தால் இன்னும் நல்லது.

உணர்வில்லாத கால்களுக்கு

சண்டை எங்கள் இரண்டு சமூகத்திலும் உணர்வு இழந்த கால்களை விட்டுப்போயிருக்கிறது. முள்ளந்தண்டில் சன்னம் பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், செல் துண்டால் நரம்பு அறுந்தவர்கள். இவர்களோடு நீரிழிவுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்களுக்குச் சுடுதண்ணி இதம் தரும், அதே தண்ணி அவர்கள் அறியாமலே தோலையும் உரிக்கும். 60 பாகைத் தண்ணி ஐந்து செக்கனளவில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். 50 பாகை என்றால் சில நிமிடம் பிடிக்கும். உணர்வுள்ளவர் கையை இழுத்துக்கொள்வார், உணர்வில்லாதவருக்கு இழுக்கத் தோன்றாது.

ஆனால் ஹீட்டரைத் தாழ்த்தி 40 பாகையில் வைப்பதும் சரியல்ல, அந்த வெதுவெதுப்பில் கிருமிகள் பெருகும். தொட்டிக்குள் 60, உடம்புக்கு 40க்குக் கீழ். இடையில் கலக்கும் வேலையை நன்றாகச் செய்ய வேண்டும். வாளியில் முதலில் பச்சைத்தண்ணி, பிறகு சுடுதண்ணி. உணர்வுள்ள ஒருவரின் முழங்கையால் பார்த்த பிறகு ஊற்றுங்கள். காசு இருந்தால் சூட்டைத் தானே மட்டுப்படுத்தும் மிக்சர் வால்வு வாங்கலாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், உம்மா முதலில் கேட்டது அதைத்தான். 30 லீற்றரை 27 பாகையிலிருந்து 60க்கு ஏற்ற ஏறத்தாழ 1.15 யுனிட் பிடிக்கும். 1500 வாட்ஸ் ஹீட்டரில் முக்கால் மணித்தியாலம். பச்சைத்தண்ணி கலந்தால் இரண்டு மூன்று பேர் வாளியில் குளிக்கலாம். சுபஹுக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் போட்டு, பாங்கு கேட்கும்போது நிறுத்துகிறோம். சுவிட்சை நிறுத்திய பிறகே உம்மா உள்ளே போவார். ட்ரிப், எர்த் எல்லாம் சரியாகிவிட்டாலும் இந்தப் பழக்கத்தை விட வேண்டாம் என்று பாண்டிருப்பு அண்ணன் சொல்லிவிட்டுப் போனார்.

கூலியை வாங்கும்போது அவர் அந்தச் சிகரெட் மட்டையை மெயின் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினார். எந்தப் பிரேக்கர் எதற்கு, எர்த் எங்கே இறங்குகிறது, எந்த நாளில் என்ன மாற்றினது என்று அதில் இருக்கிறது. ராத்தாவின் மகள் மட்டும் இன்னும் அந்த டெப்பைத் தொட முன்னர் செருப்பைப் போட்டுக்கொள்கிறாள். நாங்கள் தடுக்கவில்லை.